வடக்குச் சுவரில் ஒரு விரிசல்

நெதர் வெக்ஸ்லி, சஃபோக்
19 அக்டோபர் 1986

அன்புள்ள லயனல்,

நீயும் மொரீனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனடாவில் இதற்குள் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே வழக்கமான மழைதான்.

முதலில் அப்பாவைப் பற்றி. பயப்படும்படி ஒன்றும் இல்லை. அறுப்பின் பண்டிகை அன்று, மாலை ஆராதனைக்கு நடுவில் எழுந்து வெளியே போனவர், தேவாலயத்தின் வடக்குப் பக்கம், யூ மரத்துக்குப் பின்னால் ஈரப்புல்லில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆர்கன் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. பிரசங்கம் முடிந்தும் ஆளைக் காணவில்லையே என்று நான் போய்ப் பார்த்தபோது மழையில் உட்கார்ந்திருந்தார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி. சுற்றிக் கூட்டம் கூடியதும், "சுவர்ல ஒரு விரிசல் தெரிஞ்சுது. அதைப் பாக்க வந்தேன்" என்றார். எண்பத்துநாலு வயதில், அந்தி இருட்டில், மழையில்.

அன்றிலிருந்து ஆராதனைக்குப் போவதில்லை. கேட்டால் இடுப்பு வலி என்கிறார். அந்த இடுப்போடு தபால் நிலையம் வரை நடந்து போய் வருகிறார். மாதம் ஒருமுறை வேத வாசிப்பு அவருடையது என்பது உனக்குத் தெரியும். அதையும் இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். மணி அடிக்கும்போது வானொலியைச் சத்தமாக வைக்கிறார்.

இன்னொரு செய்தி. பழைய சர்ச் வார்டன் ஊர் மாறிப் போனதால் தேவாலயக் கட்டடத்தைக் கவனிக்கும் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று குருவானவர் பெர்கினிடம் ஒளிக்காமல் சொன்னேன். "கூரையில ஓட்டை இருக்குன்னு நம்பறீங்கல்ல மிஸ் ஹோல்ட், அது போதும்" என்றார்.

முதல் வேலையாக, மணிக்கோபுரத்துக்கு அடியில் சின்னதாக ஒரு கழிப்பறை கட்டவேண்டும் என்று சபைக் குழுவில் கேட்டிருக்கிறேன். ஏன், ஏன் இப்போது என்றெல்லாம் நீ கேட்காமல் இருந்தால் நல்லது.

அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார்.

ஹெஸ்டர்


ஹாமில்டன், ஒன்டாரியோ
9 நவம்பர் 1986

அன்புள்ள ஹெஸ்,

எல்லோரும் சுகம். அப்பாவின் இடுப்பைப் பார்த்துக்கொள். கம்பளித் துணி சுற்றினால் நல்லது என்கிறாள் மொரீன்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "இந்த வயசுல, ஆராதனை நடுவுல எழுந்து போய்ச் சுவரைப் பாக்கறாரா! இப்படி ஒரு மனுஷர் இனிப் பிறக்கமாட்டார்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் கழிப்பறையா? அறுநூறு வருடக் கோபுரத்திலா? கடைசி வரிசைப் பெஞ்சுகளைப் பெயர்க்காமல் அது முடியாது. கைப்பிடியில் முயல் செதுக்கிய பெஞ்சு அங்கேதான் இருக்கிறது. நாம் தடவித் தடவியே அந்தக் காதுகள் வழுவழுப்பானவை. கழிவுக் குழாய்க்கு வடக்குச் சுவரைத் துளைப்பீர்கள். எந்தச் சுவரைக் காக்க அப்பா மழையில் விழுந்தாரோ அதே சுவர்!

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நீ இந்தப் பேச்சை எடுத்ததும் அப்பா தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தியதும் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. சரித்திரம் படித்தவள் நீ. யோசித்துப் பார்.

என்றும் அன்புடன்,
லயனல்


நெதர் வெக்ஸ்லி
2 டிசம்பர் 1986

அன்புள்ள லயனல்,

கம்பளித் துணிக்கு மொரீனுக்கு நன்றி. அப்பாவின் இடுப்பு எப்போதோ சரியாகிவிட்டது.

எது முன், எது பின் என்று பார்ப்பதுதான் சரித்திரத்தின் முதல் பாடம். அவர் நிறுத்தியது முதலில். நான் கேட்டது பிறகு.

குழு கூடியது. உன்னுடைய அறுநூறு வருடத்தைப் பல் டாக்டர் ஸ்ட்ரட்டும் கொண்டுவந்திருந்தார்.

"அறுநூறு வருஷமா இது இல்லாமலே ஓடியிருக்கு" என்றார்.

"அறுநூறு வருஷமா மயக்க மருந்து இல்லாமத்தான் பல்லும் பிடுங்கினாங்க" என்றாள் ஆர்கன் வாசிக்கும் ஈடித் க்ராப்.

"எதிர்லயே பப் இருக்கே?"

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு மேலதான் கதவைத் திறப்பாங்க. பத்தரையிலேர்ந்து பொம்பளைங்க நாங்க கால் மேல கால் போட்டு இறுக்கி உக்காந்திருக்கோம், டாக்டர். பக்தின்னு நெனச்சீங்களா?"

"ஆம்பளைங்களுக்கு யூ மரம் இருக்கு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆண்கள் அத்தனை பேரும் அவரவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தோம். இனிப் பேராயத்தின் அனுமதி வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். நீ தேவாலய நண்பர்கள் சங்கத்தில் இருப்பவன். உன் சொல்லை அங்கே மதிப்பார்கள். தயவுசெய்து எழுதாதே.

சின்ன வயதில் நீ பாடகர் குழுவில் இருந்தாய். நீண்ட பிரசங்கங்களின்போது பையன்கள் எல்லோரும் எங்கே போவீர்கள், எந்த மரத்துக்குப் பின்னால்? அதை நினைத்துக்கொண்டு என் முதல் கடிதத்தை மறுபடி வாசி. அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஹெஸ்டர்


ஹாமில்டன்
4 ஜனவரி 1987

அன்புள்ள ஹெஸ்,

உங்கள் இருவருக்கும் புத்தாண்டு நல்லபடியாக அமையட்டும். பெரியவளுக்குச் சளி, மற்றபடி சுகம்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே பேராயத்துக்கு எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். வந்திருந்தாலும் எழுதியிருப்பேன். நகல் இணைத்திருக்கிறேன். இரண்டாம் பத்தி நன்றாக வந்திருப்பதாக மொரீன் சொன்னாள்: "ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரியான என் தந்தை, முதுமையையும் மழையையும் பொருட்படுத்தாமல், வடக்குச் சுவரின் விரிசலை ஆராயச் சென்று காயமுற்றார். அந்தச் சுவரைத் துளைப்பது அவரை அவமதிப்பதாகும்."

யூ மரத்தைப் பற்றிக் கேட்டாய். போனோம்தான். ஒருநாள் அப்பா பிடித்துவிட்டார். என் இரண்டு காதையும் திருகி, "இது கடவுளோட வீடுடா, ரயில்வே யார்டு இல்லை" என்றார். நான் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்படிப்பட்ட மனிதரின் தேவாலயத்தில் நீ செய்ய நினைப்பது எனக்குப் புரியவில்லை.

அன்புடன்,
லயனல்


நெதர் வெக்ஸ்லி
22 பிப்ரவரி 1987

லயனல்,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

பேராய அதிகாரி வந்து ஊர்க்கூடத்தில் விசாரணை நடத்தினார். ஊர்க்கூடத்தில் கழிப்பறை இருக்கிறது. ஆகவே அப்பாவும் வந்திருந்தார். முந்தைய இரண்டு வாக்கியங்களையும் தயவுசெய்து சேர்த்து வாசி.

உன் கடிதத்தை அதிகாரி உரக்க வாசித்தார், இரண்டாம் பத்தி உட்பட. கூடமே திரும்பி அப்பாவைப் பார்த்தது. ஸ்ட்ரட் கைதட்டினார்.

"திரு. ஹோல்ட், அந்த விரிசலை நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்தேன்" என்றார். "நீளமான விரிசல்."

சுவரைப் பொறியாளர் ஒருவர் சோதிக்கும் வரை எங்கள் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

ஹெஸ்டர்


நெதர் வெக்ஸ்லி
14 ஜூன் 1987

அன்புள்ள லயனல்,

ஈஸ்டர் அட்டை வந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அப்பாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, பசி நன்றாக எடுக்கிறது.

பொறியாளர் வந்தார். சாரம் கட்டி மேலிருந்து கீழ் வரை தேடினார். விரிசல் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டச் சொன்னார். அப்பா தடியால் ஒரு கல்லைத் தொட்டார்.

"இங்க ஒண்ணும் இல்லையே, ஐயா."

"போன வருஷம் இருந்துச்சு."

"விரிசல் தானா மூடிக்காது."

"அப்ப மறுபடி திறக்கும்" என்றார் அப்பா.

பொறியாளர் எச்சரிக்கையான ஆள். மறுபடி திறக்கிறதா என்று பார்க்க அந்த இடத்தில் ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டியிருக்கிறார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு வருடம் பார்க்கவேண்டுமாம். ஒரு வருடம், லயனல். கண்ணாடியைக் கவனிக்கும் பொறுப்பு அப்பாவுக்கு.

ஆகவே இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை நேரத்தில் அவர் வடக்குச் சுவருக்கு வெளியே நிற்கிறார். உள்ளே நாங்கள் பாடுகிறோம். ஜன்னல் வழியாக அவருடைய தொப்பி தெரிகிறது. அவருக்குப் பிடித்த பாட்டு வந்தால் தொப்பி லேசாக ஆடுகிறது. அவ்வப்போது மரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்து மறுபடி நிற்கிறார்.

நம்பிக்கையில்லாத நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். நம்புகிறவர் வெளியே நிற்கிறார். உன் ஆட்சேபம் இல்லையென்றால் இந்நேரம் கட்டி முடித்திருப்போம்.

ஹெஸ்டர்


ஹாமில்டன்
12 ஜூலை 1987

ஹெஸ்,

அப்பாவின் மூட்டுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. வயதான மனிதர் வாரா வாரம் தேவாலயத்துக்கு வெளியே நிற்கிறார், உனக்கு இன்னுமா புரியவில்லை? அது உனக்கு எதிரான மௌனப் போராட்டம். அவர் வாயால் சொல்லமாட்டார். நீ அவருடைய மகள், அவர் வீட்டில் இருப்பவள், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் நான் சொல்கிறேன். அம்மா இருந்திருந்தால் இப்படி நடக்க விட்டிருக்கமாட்டாள். படிப்பு உன்னைக் கொஞ்சம் கல்லாக்கிவிட்டது.

லயனல்


ஹாமில்டன்
20 செப்டம்பர் 1987

அன்புள்ள ஹெஸ்,

இரண்டு மாதமாக உன் பதில் இல்லை. சுகம்தானே? மருந்து கிடைத்ததா? நான் கடைசியாக எழுதியதில் ஒரு வரி அதிகம் என்று மொரீன் சொல்கிறாள். எந்த வரி என்று சொல்ல மறுக்கிறாள்.

லயனல்


நெதர் வெக்ஸ்லி
25 அக்டோபர் 1987

அன்புள்ள மகன் லயனலுக்கு,

நான் சுகம். மருந்து கிடைத்தது. உபயோகமில்லை. நன்றி.

நீ ஜூலையில் எழுதிய கடிதத்தை ஹெஸ்டர் தேநீர் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். இன்னும் அங்கேயே இருக்கிறது. அவள் பதில் எழுதப்போவதில்லை என்று தெரிந்ததால் நான் எடுத்து வாசித்தேன்.

சுவரில் விரிசல் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நான் வெளியே போனது சிறுநீர் கழிக்க. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் அடக்க முடிவதில்லை. இதை யாரிடமும், முக்கியமாக உன்னிடம், சொல்லக்கூடாது என்று ஹெஸ்டரிடம் சத்தியம் வாங்கியவன் நான். அவள் காப்பாற்றினாள். உன் காதைத் திருகியது எனக்கும் நினைவிருக்கிறது.

போன வாரப் புயலில் யூ மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. ஆகவே இனி அதுவும் இல்லை. கண்ணாடிப் பட்டை உடையவில்லை.

உன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். காரணம் எழுதவேண்டாம். இதைப் பற்றி எனக்குப் பதில் வேண்டாம். நான் எழுதியதாக ஹெஸ்டரிடமும் சொல்லவேண்டாம்.

மொரீனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

உன் தந்தை,
டபிள்யூ. ஹோல்ட்


ஹாமில்டன்
8 நவம்பர் 1987

அன்புள்ள ஹெஸ்,

நீ சுகமா? அப்பா சுகமா?

ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மறுபடி யோசித்ததில் அப்படித் தோன்றியது. முயல் பெஞ்சை மட்டும் எங்காவது பத்திரமாக வைக்கச் சொல்.

ஜூலைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எந்த வரி என்று எனக்கு இப்போது தெரிகிறது. எல்லா வரியும்.

லயனல்


நெதர் வெக்ஸ்லி
6 டிசம்பர் 1987

அன்புள்ள லயனல்,

நாங்கள் சுகம். நீ ஏன் மனம் மாறினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கடிதத்தைக் கிழிக்கத் தேடினேன். தேநீர் டப்பாவுக்கு அடியில் ஒழுங்காக நாலாக மடித்து வைத்திருந்தது. நான் வைத்தபோது உறையில் இருந்தது.

உன் மனமாற்றத்தால்தான் காரியம் நடந்தது என்று எண்ணிக்கொள்ளாதே. புயலில் யூ மரம் விழுந்துவிட்டது. மறுவாரமே குழுவை அவசரமாகக் கூட்டச் சொன்னவர் பல் டாக்டர் ஸ்ட்ரட். "இது அடிப்படை வசதி, மிஸ் ஹோல்ட். இத்தனை நாள் ஏன் தாமதம்?" என்று என்னையே கேட்டார். "சுவரையும் கண்ணாடியையும் பாத்துக்கிட்டு ஒரு வருஷமா? வெக்கக்கேடு!" பொறியாளருக்கும் பேராயத்துக்கும் அவரே காரமாக எழுதினார். பெண்கள் எல்லோரும் கேட்டு அசையாதது, ஒரு கிழவர் மழையில் விழுந்து அசையாதது, ஒரு மரம் விழுந்ததும் அசைந்துவிட்டது. ஈடித் க்ராப் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பண்டிகை வாழ்த்துகள்.

ஹெஸ்டர்


நெதர் வெக்ஸ்லி
9 அக்டோபர் 1988

அன்புள்ள லயனல்,

எல்லோருடைய சுகத்தையும் எழுது. அப்பாவுக்கு எண்பத்தாறு. இந்தக் கோடையில் கொஞ்சம் மெலிந்துவிட்டார். மற்றபடி திட்டுவதில் குறைவில்லை.

ஜூலையில் கழிப்பறை திறந்தாயிற்று. முயல் பெஞ்சு தெற்கு ஜன்னலடியில் வெயிலில் இருக்கிறது. பிள்ளைகள் காதைத் தடவுகிறார்கள். முதலில் உபயோகித்தவர் ஸ்ட்ரட்.

அப்போதுதான் தெரிந்தது. கோபுரம் உள்ளே வெறுங்கூடாக இருப்பதால் ஊதுகுழல் மாதிரி வேலை செய்கிறது. உள்ளே தண்ணீர் கொட்டும் சங்கிலியை இழுத்தால் தேவாலயம் முழுக்க முழங்குகிறது. மௌன ஜெபத்தின் நடுவே அது கேட்டபோது குருவானவர் பெர்கின் கண்ணைத் திறந்துவிட்டார். அப்பாவுக்கு அந்தச் சத்தம் சுவருக்கு வெளியிலேயே கேட்டிருக்கிறது.

"எக்ஸ்பிரஸ் வண்டி பிளாட்பாரத்துக்குள்ள வர்ற மாதிரி இருக்கு" என்றார். "நான் உள்ள போனா ஊருக்கே அறிவிப்பு. எனக்கு வேண்டாம்."

ஈரமில்லாத நாட்களில் வெளியே நின்றார். மழை நாட்களில் வீட்டில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடம் நான் யாருக்காகப் போராடினேனோ அவரைத் தவிர ஊரே அதை உபயோகித்தது. ஒருநாள் சமையலறையில் ஒரு தட்டை உடைத்தேன். தவறி விழுந்ததல்ல.

போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை. பெர்கின் வீட்டுக்கே வந்து வேத வாசிப்புக்குக் கேட்டார். நேருக்கு நேர் மறுக்க அப்பாவுக்கு வரவில்லை. வாசித்தார். குரல் கடைசி வரிசை வரை போனது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கியது. நான் கூரையைப் பார்த்தேன்.

பிரசங்கத்துக்கு முந்தைய பாட்டு தொடங்கியதும் எழுந்தார். தடியை ஊன்றி, யாரையும் பார்க்காமல், நடைபாதை வழியாகக் கோபுரத்துக்குப் போனார். அவருடைய நடைக்கு அது நீண்ட தூரம். கடைசிச் சரணம் வந்தது. கோபுரக் கதவு மூடியபடியே இருந்தது. பாட்டு முடிந்தால் அடுத்து வருவது நிசப்தம்.

ஈடித் க்ராப்பின் ஆர்கனுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, பின்னால் நடப்பதைப் பார்த்து வாசிக்க. அதில் அவள் கண் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். கடைசிச் சரணம் முடிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. முதல் சரணத்துக்குத் திரும்பினாள்.

உட்காரப் போனவர்கள் மறுபடி நின்றார்கள். பெர்கின் பிரசங்க மேடையில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்று பாடினார். ஸ்ட்ரட் தொண்டை கிழியப் பாடினார். இரண்டாம் சரணத்தில் ஈடித் ஆர்கனின் எல்லாக் குழல்களையும் திறந்துவிட்டாள். சங்கிலி இழுத்த சத்தம் கேட்டதா என்று யாரும் என்னிடம் கேட்டால் கேட்கவில்லை என்பேன். அப்பா திரும்பி வந்து உட்காரும் வரை பாடினோம். நானும் பாடினேன்.

திரும்பி வரும்போது நல்ல வெயில். பாதி வழியில் அப்பா தடியை ஊன்றி நின்றார்.

"அந்த ஈடித்துக்கு வயசாயிடுச்சு" என்றார். "எத்தனை சரணம்னு கணக்கே தெரியலை. முடிஞ்ச பாட்டை மறுபடி ஆரம்பிக்கிறா."

"நான் அவகிட்ட சொல்றேன்பா."

"சொல்லாதே" என்றார். "பாவம், எல்லார் முன்னாலயும் நடந்திருக்கு. சங்கடப்படுவா."

மொரீனுக்கு என் அன்பு.

ஹெஸ்டர்